கீசருக்குப் போகும் வழியில் தொலைந்த 15 வோல்ட்

பின்னணி

நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிற்றூர். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர், அவர் மனைவி, மகன், மருமகள், பள்ளிக்குப் போகும் பேத்தி என ஐந்து பேர் இருக்கும் வீடு. கீழ்த்தளம் பழையது. சுவரில் மர ரீப்பர் அடித்து, அதன்மேல் கிளிப் வைத்து வயர் ஓட்டிய காலத்து வேலை. மாடியைப் பிறகு கட்டினார்கள். மாடிக் குளியலறையில் 25 லிட்டர் கீசர் ஒன்று மாட்டியிருந்தார்கள். அதன் தகட்டில் 230 வோல்ட், 2000 வாட்ஸ் என்று போட்டிருந்தது.

நவம்பர் கடைசியிலிருந்து கீசர் சுணங்க ஆரம்பித்தது. முன்பெல்லாம் சுவிட்சைப் போட்டுவிட்டு ஒரு காபி குடித்து முடித்தால் தண்ணீர் தயாராம். இப்போது ஒரு மணி நேரத்தை நெருங்குகிறது என்றார்கள். சர்வீஸ் பார்ப்பவர் ஒருவர் வந்து தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட்டையும் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டையும் மாற்றிவிட்டுப் போனார். எந்த மாற்றமும் இல்லை. அப்புறம் கடையில் கேட்டபோது, "மலையில வோல்டேஜ் எப்பவும் கம்மிதான், கீசருக்கு ஒரு ஸ்டெபிலைசர் போட்டுடுங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். அதை வாங்கலாமா என்று கேட்கத்தான் பெரியவர் என்னைக் கூப்பிட்டார். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவுக்குப் பல வருடம் பாடம் நடத்தியவன் நான். இப்போது தெரிந்தவர்கள் வீட்டு வயரிங் வேலைகளைப் பார்த்துக் கொடுக்கிறேன்.

முதல் முறை போனபோது

டிசம்பர் முதல் வாரம், மாலை ஆறரை மணி இருக்கும். கையில் மல்டிமீட்டர் மட்டும் இருந்தது. ஓடும் மின்னோட்டத்தை வயரைக் கவ்வியே அளக்கும் கிளாம்ப் மீட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டேன். மீட்டர் போர்டில் அளந்தேன், 218 வோல்ட். மாடிக்குப் போய்க் கீசரின் மூடியைக் கழற்றி, அதன் டெர்மினலில் அளந்தேன். அங்கும் 218. இரண்டு இடத்திலும் ஒரே அளவு என்றதும் வீட்டு வயரிங்கில் கோளாறு இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். "வர்ற கரண்டே கம்மி, ஈ.பி. ஆபீஸ்ல எழுதிக் கொடுங்க" என்று சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

வயரிங்கில் கோளாறு இல்லை என்ற அந்த முடிவு தவறு. நான் அளந்தபோது கீசர் ஓடவில்லை. மின்னோட்டம் ஓடாத கம்பியில் எவ்வளவு தடை இருந்தாலும் வோல்டேஜ் குறையாது. மல்டிமீட்டர் இழுக்கும் மின்னோட்டம் ஒன்றுமே இல்லை என்று சொல்லும் அளவுக்குச் சொற்பம். அந்த வழியில் தடை 2 ஓம் இருந்தாலும் சரி, 200 ஓம் இருந்தாலும் சரி, எனக்கு 218 என்றுதான் காட்டியிருக்கும். குழாயைத் திறக்காமல் வைத்துக்கொண்டு, தண்ணீர் அழுத்தம் இருக்கிறது, அதனால் பைப்பில் அடைப்பு இல்லை என்று சொன்ன கதைதான். மாணவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்த ஆள் நான் என்பதையும் இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

அன்று கண்ணில் பட்டும் நான் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. மாடி நடையில் ஒரு பழைய குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. மருமகள், "கீசர் போட்டா இது மட்டும் டல்லடிக்குது சார்" என்றார். வீட்டில் மற்றவை எல்லாம் எல்.இ.டி. விளக்குகள். அவை வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் முகத்தில் காட்டாது. குண்டு பல்பு காட்டிக் கொடுத்துவிடும். நான் அதைப் பொதுவான வோல்டேஜ் குறைச்சல் கணக்கிலேயே சேர்த்துவிட்டேன்.

இரண்டாம் முறை: கீசரை ஓடவிட்டு எடுத்த அளவுகள்

பன்னிரண்டு நாள் கழித்து மருமகளே போன் செய்தார். கீசர் ஓடும்போது மாடி நடையில் ஏதோ பிளாஸ்டிக் கருகுகிற மாதிரி லேசான வாடை வருகிறது, மற்றவர்கள் யாரும் நம்பவில்லை என்றார். இந்த முறை கிளாம்ப் மீட்டர், இரண்டு மல்டிமீட்டர், 25 மீட்டர் ஒற்றை வயர் ஒரு சுருள், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன்.

ஃபிரிஜ், டி.வி., மோட்டார் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். கீழே மீட்டர் போர்டில் ஒரு மல்டிமீட்டரை மாட்டி, மருமகளை அதன் அருகே நிற்க வைத்தேன். நான் மாடியில். இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டே ஒரே நேரத்தில் அளவைப் படித்தோம். மாலை நேரத்தில் சப்ளை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கீழே ஒரு நேரத்திலும் மேலே ஒரு நேரத்திலும் அளந்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நம்ப முடியாது.

கீசர் ஓடாதபோது கீழே 218 வோல்ட், மேலே 218 வோல்ட்.
கீசர் ஓடும்போது போர்டில் 212 வோல்ட், கீசர் டெர்மினலில் 197 வோல்ட், மின்னோட்டம் 7.5 ஆம்பியர்.

மூன்று முறை எடுத்தோம். ஒரு வோல்ட் முன்னே பின்னே இருந்ததே தவிர வித்தியாசம் மாறவில்லை. இந்த நான்கு எண்களுக்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. மற்றதெல்லாம் கணக்கு.

எலிமென்ட் மீது விழுந்த பழி

முதலில் கீசர். தகட்டில் உள்ளபடி 2000 வாட்ஸை 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர். 230-ஐ 8.7-ஆல் வகுத்தால் எலிமென்ட்டின் தடை சுமார் 26.4 ஓம். இது இருக்கவேண்டிய அளவு. இப்போது இருக்கும் அளவு: 197 ÷ 7.5 = 26.3 ஓம். மீட்டரின் பிழையைக் கழித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். புதிய எலிமென்ட்டில் குறையே இல்லை.

அப்படியானால் பழையது? அதை அவர்கள் தூக்கி எறியவில்லை, ஸ்டோர் ரூமில் கிடந்தது. மல்டிமீட்டரில் ஓம் வைத்துப் பார்த்தேன்: 26.1. அதுவும் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. மாற்றிய காசு வீண்.

இப்படி ஆறிப்போன எலிமென்ட்டை ஓம் மீட்டரில் அளந்து, சூடாக ஓடும்போது கிடைத்த கணக்கோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். கீசர் எலிமென்ட்டுக்கு ஒப்பிடலாம். உள்ளே இருப்பது நிக்ரோம் கம்பி. சூடேறினாலும் அதன் தடை சில சதவீதம்தான் கூடும். குண்டு பல்புக்கு இந்தக் கதை நடக்காது. 100 வாட்ஸ் பல்பு எரியும்போது கணக்குப்படி 529 ஓம். அணைத்துவிட்டு மீட்டரில் அளந்தால் ஏறத்தாழ 40 ஓம்தான் காட்டும். மாணவர்கள் ஒவ்வொரு வருடமும் இந்த இடத்தில் மீட்டர் ரிப்பேர் என்று தூக்கிக்கொண்டு வருவார்கள்.

அடுத்து வாட்ஸ். 197 × 7.5 = 1478. ஆக, 2000 வாட்ஸ் கீசர் 1480 வாட்ஸ் அளவில்தான் ஓடிக்கொண்டிருந்தது. வோல்டேஜ் குறைந்தது 14 சதவீதம், வாட்ஸ் குறைந்தது 26 சதவீதம். வோல்டேஜ் இறங்கும்போது மின்னோட்டமும் கூடவே இறங்குவதால் இரண்டும் பெருகி இப்படி ஆகிறது.

இது தண்ணீரில் எப்படித் தெரியும் என்றும் பார்த்தேன். தொட்டிக்குள் வந்த தண்ணீர் 14 டிகிரி. 60 டிகிரிக்குப் போகவேண்டும். 25 லிட்டரை 46 டிகிரி ஏற்ற சுமார் 4,800 கிலோஜூல் வேண்டும். 2000 வாட்ஸில் அது 40 நிமிடம், 1480 வாட்ஸில் 54 நிமிடம். அவர்கள் சொன்ன "ஒரு மணி நேரம்" மிகையில்லை. ஆனால் அந்த "ஒரு காபி நேரம்" கோடைக்காலத்து நினைவாக இருக்கவேண்டும். குளிர்காலத் தண்ணீரோடு அதை ஒப்பிட்டிருக்கிறார்கள். குறைந்த வோல்டேஜ் இல்லாவிட்டாலும் டிசம்பரில் 40 நிமிடம் ஆகத்தான் செய்யும்.

சுவருக்குள் இருந்த 2 ஓம்

இப்போது வீட்டு வயரிங். போர்டில் 212, கீசரில் 197. நடுவில் 15 வோல்ட் காணோம். அதே 7.5 ஆம்பியர்தான் வழி முழுக்க ஓடுகிறது. 15 ÷ 7.5 = 2 ஓம். 15 × 7.5 = 112 வாட்ஸ். சுவரிலும் சீலிங்கிலும் எங்கோ 112 வாட்ஸ் சூடு உண்டாகிக்கொண்டிருக்கிறது.

இருக்கவேண்டிய தடை எவ்வளவு? கண்ணுக்குத் தெரிந்த வயர் பழைய மூணு-இருபது, அதாவது 20 கேஜில் மூன்று இழை, கிட்டத்தட்ட 2 சதுர மில்லிமீட்டர் செம்பு. போர்டிலிருந்து கீசர் வரை 23 மீட்டர். போக வர 46 மீட்டர். அதற்குச் சுமார் 0.4 ஓம்தான் வரவேண்டும். 7.5 ஆம்பியருக்கு 3 வோல்ட். கணக்கில் வராதது 12 வோல்ட், 90 வாட்ஸ்.

23 மீட்டர் வயரில் பரவிக்கிடக்கும் சூடு யாருக்கும் தெரியாது, தீங்கும் செய்யாது. அதே சூடு ஒரு முறுக்கு இணைப்பில் குவிந்தால் கதையே வேறு. ஈயம் உருக்கப் பயன்படுத்தும் சால்டரிங் அயர்ன் 25 அல்லது 35 வாட்ஸ்தான். பி.வி.சி. உறை தாங்குவது 70 டிகிரி.

மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பிப் பக்கமா, திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பிப் பக்கமா என்று பிரிக்க அந்த 25 மீட்டர் வயர் உதவியது. ஒரு முனையை போர்டின் நியூட்ரல் லிங்க்கில் பிடித்து, மறுமுனையை மாடிக்குக் கொண்டுபோய், கீசரின் நியூட்ரல் டெர்மினலுக்கும் அதற்கும் நடுவே மீட்டரை வைத்தேன். கீசர் ஓடும்போது 8 வோல்ட். ஆக, ஃபேஸ் பக்கம் 7. வயருக்கு மட்டும் என்றால் இரண்டு பக்கமும் ஒன்றரை ஒன்றரை வோல்ட் வரவேண்டும்.

ஃபேஸ் பக்கத்து 7-ஐக் கூட ஒரு மாதிரி விளங்கிக்கொள்ளலாம். வழியில் பீங்கான் ஃப்யூஸ் இருக்கிறது, சுவிட்ச் இருக்கிறது, எல்லாம் பழசு. நியூட்ரலில் ஃப்யூஸும் இல்லை, சுவிட்சும் இல்லை. பிளக்கின் ஒரு முள்ளைத் தவிர வெறும் வயர். அதில் 8 வோல்ட் விழுகிறது என்றால் நடுவில் எங்கோ ஒரு ஜாயிண்ட் கெட்டிருக்கிறது. குண்டு பல்பு நினைவுக்கு வந்தது அப்போதுதான். அதற்கும் கீசருக்கும் ஒரே இடத்திலிருந்து நியூட்ரல் பிரிந்தால், கீசர் ஓடும்போது அது மட்டும் மங்குவதற்குக் காரணம் கிடைத்துவிடுகிறது. அந்த இடம் மாடி நடைக்கு மேலே, மரப்பலகை சீலிங்குக்குப் பின்னால் இருக்கவேண்டும். வாடை வந்ததும் அங்கிருந்துதான்.

அன்று இரவு எடுத்த முடிவு

இரவு எட்டு மணி. சீலிங் பலகையைப் பிரிக்க ஏணியும் வெளிச்சமும் வேண்டும். கீசருக்கான ஃப்யூஸ் கேரியரைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. "மூணு வாரமா இப்படித்தான் ஓடுது சார், இன்னும் ரெண்டு நாள் ஓடினா என்ன? ஃப்யூஸ்தான் இருக்கே, ஏதாவதுன்னா போயிடாதா?" என்றார்.

நியாயமான கேள்வி. பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஃப்யூஸ் போகவேண்டுமென்றால் மின்னோட்டம் அளவுக்கு மீறவேண்டும். கெட்டுப்போன ஜாயிண்ட் என்பது வழியில் சேர்ந்த கூடுதல் தடை. அது மின்னோட்டத்தைக் குறைக்கத்தான் செய்யும். ஒழுங்கான நிலையில் 8.7 ஆம்பியர் போகவேண்டிய இடத்தில் 7.5-தான் போகிறது. ஃப்யூஸின் கண்ணுக்கு இது ரொம்பச் சமர்த்தான லோடு. மின்னோட்டம் மீறினால் தானே அணையும் எம்.சி.பி. சுவிட்ச் போட்டிருந்தாலும் இதே கதிதான். காய்ந்த பலகைக்குப் பக்கத்தில் ஜாயிண்ட் வெந்துகொண்டிருக்கும். அதைச் சொல்ல போர்டில் எதுவும் இல்லை. கரண்ட் பில்லிலும் தெரியாது: 112 வாட்ஸ் ஒரு முறை தண்ணீர் காய்ச்ச ஓடினால் 0.1 யூனிட். அதை யார் கவனிப்பார்கள்?

இதை எல்லாம் சொன்ன பிறகு பெரியவர் ஒன்றும் பேசவில்லை. அவர் மனைவிதான், "அடுப்புல வெச்சுக்கறோம், நீங்க எடுத்துட்டுப் போங்க" என்று முடித்து வைத்தார்.

ஸ்டெபிலைசர் வேண்டாம் என்றது ஏன்

முதலில் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லவேண்டியிருந்தது. மாடியில், கீசருக்கு முன்னால் ஸ்டெபிலைசர் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அது கீசருக்கு 230 வோல்ட் கொடுத்துவிடும், கீசர் 2000 வாட்ஸ் எடுக்கும், தண்ணீர் 40 நிமிடத்தில் காய்ந்துவிடும். எல்லாரும் கடைக்காரரைப் பாராட்டியிருப்பார்கள்.

ஆனால் அந்த 2000 வாட்ஸ் அதே வயர் வழியாகத்தான் வரவேண்டும். ஸ்டெபிலைசர் வோல்டேஜை உயர்த்துவதற்கு ஈடாக உள்ளே அதிக மின்னோட்டத்தை இழுக்கும். கம்பத்திலிருந்து போர்டு வரைக்கும் ஒரு தடை இருக்கிறது: 218-லிருந்து 212-க்கு இறங்கிய 6 வோல்ட்டை 7.5-ஆல் வகுத்தால் 0.8 ஓம். வீட்டுக்குள் 2 ஓம். மொத்தம் 2.8 ஓம் வழியாக 2000 வாட்ஸ் எடுத்தால், ஸ்டெபிலைசரின் சொந்த இழப்பை விட்டுவிட்டாலும், மின்னோட்டம் 10.6 ஆம்பியருக்குப் போகும். அதன் உள்ளே வரும் வோல்டேஜ் 188 ஆகிவிடும். வீட்டு வயரிங்கில் உண்டாகும் சூடு 10.6 × 10.6 × 2, அதாவது சுமார் 225 வாட்ஸ். இப்போதைய 112-க்கு இரண்டு மடங்கு.

கம்பியின் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும் என்று ஜேம்ஸ் ஜூல் 1841-லேயே எழுதிவிட்டார். வோல்டேஜ், மின்னோட்டம் பற்றிய ஜார்ஜ் ஓமின் நூல் வந்தது 1827. இவ்வளவு பழைய கணக்கு, ஆனாலும் கடையில் ஸ்டெபிலைசர் விற்கும்போது யாரும் போடுவதில்லை. புகார் போய்விடும், ஆபத்து இரட்டிக்கும், அதன்பின் தேடிப் பார்க்க யாருக்கும் காரணமே இருக்காது. இந்த வீட்டில் அதை வாங்குவதற்கு முன் கேட்டார்களே, அது நல்லதாகப் போயிற்று.

திறந்து பார்த்தபோது

மறுநாள் காலை மெயினை அணைத்துவிட்டுப் பலகையைப் பிரித்தோம். எதிர்பார்த்த இடத்தில், ரீப்பர்மேல் ஒரு சிறிய மரப் பெட்டி. மாடி கட்டியபோது பழைய மூணு-இருபது வயரின் நுனியில் புது வயரை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருக்கிறார்கள். நியூட்ரல் முறுக்கில் டேப் உருகி வழிந்து, செம்பு கறுத்து, பெட்டியின் அடிப்பலகை ஒரு ரூபாய் அளவுக்குக் காப்பிப் பொடி நிறத்தில் கருகியிருந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. முறுக்கிய புது வயர் மூணு-இருபது இல்லை. விளக்குக்கு ஓட்டும் 1 சதுர மில்லிமீட்டர் வயர். மாடி நடை விளக்குக்காக இழுத்ததையே பின்னால் கீசருக்கும் நீட்டிவிட்டார்கள். கடைசி 9 மீட்டர் அந்த வயர். அதனால் வயரின் தடை நான் போட்ட 0.4 ஓம் இல்லை, 0.55 ஓம். 4 வோல்ட்டுக்கு அதுவே பொறுப்பு.

மிச்சத்தைப் பிரித்துப் பார்க்க, மெயின் அணைந்திருக்கும்போதே ஒவ்வோர் இடத்திலும் முதலைக் கிளிப்பை மாட்டி, கையை எடுத்துவிட்டு, ஒரு நிமிடம் மட்டும் கீசரை ஓட்டி மீட்டரைப் படித்து அணைத்தோம். ஓடும் லைனில் ஜாயிண்ட்டைத் தொட்டு அளக்கும் வேலையை நானே செய்யமாட்டேன், மற்றவர்களும் செய்யவேண்டாம். கிடைத்தது இது: நியூட்ரல் முறுக்கு 4.4 வோல்ட், சுவிட்ச் 2.1, பிளக்கும் சாக்கெட்டும் இரண்டு முள்ளுக்கும் சேர்த்து 1.8, ஃப்யூஸ் கேரியர் 1.4. வயரின் 4-ஐச் சேர்த்தால் பதினான்கைத் தொடுகிறது. மீதி ஒரு வோல்ட் சொச்சம் சின்னச் சின்ன ஸ்க்ரூக்களில் இருக்கலாம். அதைத் துரத்தவில்லை.

நியூட்ரல் முறுக்கில் 4.4 × 7.5 = 33 வாட்ஸ். ஒரு சால்டரிங் அயர்னை மரப்பெட்டிக்குள் வைத்து மூடியதற்குச் சமம். ஸ்டெபிலைசர் வந்திருந்தால் இது 66 ஆகியிருக்கும். சுவிட்சின் 16 வாட்ஸும் குறைந்ததல்ல. அதன் உள்ளே தொடுமுனை குழிந்து போயிருந்தது.

செய்த வேலை

ஜாயிண்ட்டை மட்டும் சரிசெய்து கொடுங்கள் என்று மகன் கேட்டார். ஒரு மணி நேர வேலை, செலவும் கிடையாது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. 9 மீட்டருக்கு விளக்கு வயர், உள்ளே குழிந்த சுவிட்ச், எர்த் லீக்கேஜ், அதாவது மின்கசிவுப் பாதுகாப்பே இல்லாத குளியலறை. ஜாயிண்ட் மட்டும் சரியானால் அடுத்தது சுவிட்ச்.

போர்டிலிருந்து கீசர் வரை நடுவில் ஜாயிண்ட்டே இல்லாமல் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், கூடவே எர்த் வயர், பி.வி.சி. பைப்பில். ஃப்யூஸுக்குப் பதில் 16 ஆம்பியர் எம்.சி.பி., மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி., புது சுவிட்ச், புது சாக்கெட். பழைய வயரில் நடை விளக்கு மட்டும். அந்த ஜாயிண்ட்டையும் வெட்டிவிட்டு கனெக்டர் போட்டேன்.

4 என்பது என் பழக்கம். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டால் 2.5 சதுர மில்லிமீட்டரே போதும். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு வோல்ட்கூட இல்லை. அந்த வயர் செலவை அவர்களுக்கு மிச்சப்படுத்தியிருக்கலாம்.

பிறகு நடந்தது

அன்று மாலை அதே நேரத்தில் அளந்தோம். போர்டில் 212, கீசரில் 210, மின்னோட்டம் 7.9. தடை 26.6 ஓம், அதே எலிமென்ட்தான். வாட்ஸ் 1659. வழியில் விழுந்தது 2 வோல்ட், 16 வாட்ஸ், அதுவும் 23 மீட்டருக்கும் பரவி.

தண்ணீர் காய 48 நிமிடம் ஆனது. பெரியவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இவ்வளவு செலவுக்கும் ஆறு நிமிஷம்தானா சார்?" என்றார். ஆமாம், ஆறு நிமிடம்தான். அவர்கள் கொடுத்த புகாருக்கு முக்கியக் காரணம் வெளியிலிருந்து வரும் வோல்டேஜ்; அதை நான் முதல் நாளே சொன்னது சரிதான். நான் கண்டுபிடித்தது அவர்கள் கேட்காத வேறொன்று. கருகிய பெட்டியை அவர் கையில் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேலே எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் அந்தச் செலவு அவருக்கு உறுத்திக்கொண்டுதான் இருந்தது என்று நினைக்கிறேன்.

வெளிப்பக்கத்து 0.8 ஓமை அப்படியே விடவில்லை. வீட்டு இணைப்புக்கு 230-லிருந்து 6 சதவீதம் வரை இறங்கலாம், அதாவது 216 வரை. ஒரே ஒரு கீசரைப் போட்டதும் 212 ஆகிறது என்று, ஓடாதபோதும் ஓடும்போதும் எடுத்த அளவுகளையும் மின்னோட்டத்தையும் தேதி, நேரத்தோடு எழுதி மகன் மின்சார அலுவலகத்தில் கொடுத்தார். வெறுமனே "லோ வோல்டேஜ்" என்று எழுதாமல் எண்களோடு கொடுத்தது உதவியது. பத்து நாளில் லைன்மேன் வந்து, கம்பத்தில் மழையில் பூத்துப்போயிருந்த சர்வீஸ் வயர் ஜாயிண்ட்டைச் சுத்தம் செய்து கட்டிவிட்டுப் போனார். அதற்குப் பின் மாலையில் ஓடாதபோது 219, ஓடும்போது போர்டில் 216, கீசரில் 214, 8.1 ஆம்பியர், 1733 வாட்ஸ். 46 நிமிடம்.

இன்னொரு நாள் விடிகாலை ஐந்து மணிக்கு அவர்களையே அளக்கச் சொன்னேன். ஓடாதபோது 231, கீசரில் 226, 8.5 ஆம்பியர், 1921 வாட்ஸ். ஊரே விளக்கும் டி.வி.யும் போடாத நேரம். 42 நிமிடத்தில் காய்ந்துவிட்டது. கீசர் தொட்டி நன்றாகச் சூடு பிடித்து வைக்கும் என்பதால், காலைக் குளியலுக்கானதை விடிகாலையிலும், மாலைக்கானதை மதியம் மூன்று மணிக்கும் காய்ச்சி வைக்கிறார்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை. முதல் நாளே சொல்லியிருக்கவேண்டிய யோசனை.

இனி மாற்றிச் செய்வது

கிளாம்ப் மீட்டர் இல்லாமல் இந்த மாதிரிப் புகாருக்குப் போவதில்லை. போனாலும், லோடு ஓடாமல் எடுத்த வோல்டேஜை வைத்து எதுவும் சொல்வதில்லை. அன்று கிளாம்ப் இல்லாவிட்டாலும் கீசரை ஓடவிட்டு இரண்டு முனையிலும் வோல்டேஜ் மட்டும் பார்த்திருந்தாலே 15 வோல்ட் தெரிந்திருக்கும். எலிமென்ட்டின் 26.4 ஓமை வைத்து மின்னோட்டத்தைக் கணக்கிலேயே எடுத்திருக்கலாம். பன்னிரண்டு நாள் அந்தப் பெட்டி வெந்துகொண்டிருந்ததற்கு மறந்துபோன மீட்டரைக் காரணம் சொல்ல முடியாது.

வாடை வருகிறது, ஒரு பல்பு மட்டும் மங்குகிறது என்று வீட்டில் இருப்பவர் சொன்னால் அதை முதலில் எழுதிக்கொள்கிறேன். எந்த பல்பு, எப்போது, வேறு எது ஓடும்போது என்று.

இதே கணக்கை மோட்டாருக்கோ ஃபிரிஜ்ஜுக்கோ அப்படியே போடக்கூடாது. அங்கே வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது வாட்ஸ் இல்லை. இழுக்கும் மின்னோட்டத்தில் எவ்வளவு வேலைக்கு ஆகிறது என்பதைச் சொல்லும் பவர் ஃபேக்டர் குறுக்கே வரும். கீசர், இஸ்திரிப் பெட்டி, இண்டக்‌ஷன் அல்லாத சுருள் அடுப்பு, இவற்றுக்குப் பொருந்தும். ஆனால் வயரிலும் ஜாயிண்ட்டிலும் விழும் வோல்டேஜுக்கு, லோடு எதுவாக இருந்தாலும் இந்தக் கணக்கு சரி.

அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் இன்னும் ரீப்பர் வயரிங்தான் ஓடுகிறது. இஸ்திரிப் பெட்டி போடும் சாக்கெட்டில் அளந்தேன்: போர்டுக்கும் அதற்கும் 5 வோல்ட் வித்தியாசம், 4.3 ஆம்பியரில். பொங்கல் கழித்து அதைப் பிரிக்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். அதுவரைக்கும் இஸ்திரி மாடியில்.